வெள்ளைப் பல்லுக்கு நோயில்லை என்றிருந்தோம்

எங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துச் சொன்னவர் என் மதினி. மகளிர் குழுவிலிருந்து அவரை விருதுநகருக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு பெட்டியையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், சொட்டு மருந்து பாட்டில்கள், நிறம் பார்க்கிற அட்டை. கிராமசபை கூடிய அன்று பள்ளிக்கூட வராந்தாவில் மேசையைப் போட்டு, தெருக்குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அதில் சொட்டு விட்டார். ரோஸ் நிறத்திலேயே நின்றால் பயமில்லை, மஞ்சளாக மாற மாற ஃபுளோரைடு அதிகம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். தண்ணீர் ரோஸில் நிற்கிற எண்ணத்தோடு வந்ததாகவே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது.

கூட்டம் கப்சிப் என்று ஆனது. அந்த மாதிரி நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. ஊரில் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அந்த வாயால் வந்ததுதான்.

“மதினி, மஞ்சள்னா மங்கல காரியம்தான? ஊருக்கே சேத்து மஞ்சத் தண்ணி ஊத்திச் சடங்கு வச்சிருவோம். சீர் நீங்க கொண்டாந்துருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

“கொழுந்தனாரே, சிரிக்கும்போது வாயை நல்லாத் தொறந்து சிரிங்க. எல்லாரும் பாத்துக்கிடட்டும். இந்தப் பெட்டி, சொட்டு, அட்டை ஒண்ணும் வேண்டாம். உங்க பல்லைப் பாத்தாலே நம்ம ஊருத் தண்ணி எம்புட்டு மோசம்னு சொல்லிரலாம்.”

அதற்கு முதலில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவனின் பல்லில் காவி நிறத்தில் வரி ஓடும். சிலருக்குத் துருப்பிடித்த தகரம் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் எவனாவது கொட்டாவி விட்டால் போதும், எங்கள் ஊர்க்காரனா இல்லையா என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பல் விளக்காமல் வந்ததாகச் சொல்லி என்னை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் செங்கல் பொடி, சாம்பல், உப்பு என்று எதையெதையோ போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். ஈறுதான் தேய்ந்தது. இப்போது மதினி சொல்கிறார், அது அழுக்கே இல்லையாம். பிள்ளைப் பருவத்தில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே தண்ணீர் போட்ட முத்திரையாம்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். “பல்லோட நிக்கிறதில்ல. வருசக் கணக்காக் குடிச்சா எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடும். முதுகெலும்பு கணு கணுவா ஒட்டி மூங்கில் கம்பு மாதிரி ஆயிரும். அப்புறம் குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது” என்று சொல்லிவிட்டு மதினி பெட்டியை மூடினார். என் முதுகில் அந்த நிமிடமே ஏதோ நறுக்கென்றது.

நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பேக்கிங் செட் என்கிற கொட்டகையில் இருக்கிறேன். என் மனைவி அதே கம்பெனியில் மருந்து ரூமில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி எல்லாவற்றோடும்தான் எங்கள் பிழைப்பு. எங்காவது வெடித்து நாலு பேர் போய்விட்டார்கள் என்று சேதி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலையில் வேன் ஹாரன் அடித்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவோம். அதற்கெல்லாம் பயப்படாதவன், ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த இரண்டு விரற்கடைத் தண்ணீரைப் பார்த்து நடுங்கினேன்.

நடுக்கம் என்றால் சாதாரண நடுக்கம் இல்லை. செல்போனில் முழங்கால் என்று தட்டுவேன், அது எனக்கு இல்லாத நோய்களை வரிசையாகக் காட்டும். எல்லாமே எனக்கு இருந்தன. தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்று எவனோ சொன்னான் என்பதற்காக டீயை நிறுத்தினேன். தலைவலி வந்தது. அதையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது காதை முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு முற்றிவிட்டது. காதை அங்கே கொண்டுபோக முடிகிறவனுக்கு முதுகில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

வீட்டில் சட்டம் போட்டேன். மகளுக்கும் எனக்கும் கேன் தண்ணீர். மற்றதெல்லாம் நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர். “பொங்கப் பொங்கக் கொதிக்க விடு. பாதியாச் சுண்டட்டும். எந்த நஞ்சா இருந்தாலும் ஆவியாப் போயிரும்” என்றேன் மனைவியிடம். அவளும் காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு அண்டாவைச் சுண்ட வைத்தாள். வாரக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் மதினி வந்து அடுப்பைப் பார்த்தார்.

“இது என்ன, கசாயமா?”

“ஃபுளோரைடை வெரட்டுறோம் மதினி.”

“ஏன் கொழுந்தனாரே, ரசத்தைச் சுண்ட விட்டா உப்புக் கரிக்குமா, சப்புன்னு போகுமா?”

“கரிக்கும்.”

“பெறகென்ன? தண்ணிதான ஆவியாப் போகுது. உள்ள இருக்கிற சனியன் அப்படியே அங்கனதான கெடக்கும்? இம்புட்டு நாளா ஒரு செம்புத் தண்ணில இருந்ததை அரைச் செம்புல குடிச்சிருக்கீக.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இந்த மனுசன் எனக்கு ஒரு அடுப்பு வேலையத் தேடிக் குடுத்தாரு, அம்புட்டுத்தேன்” என்றாள். அந்தத் தண்ணீரை நானும் மகளும் தொடவில்லை, கேனைத்தான் குடித்தோம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. குடித்தவள் அவள் ஒருத்திதான்.

கேன் தண்ணீர் அவளுக்குப் பிடிக்காது. “சப்புன்னு இருக்கு, குடிச்ச மாதிரியே இல்ல” என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. காரணம், அவளுடைய பல். அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. இருக்கன்குடிப் பக்கம், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் இறைத்த ஊரில் வளர்ந்தவள். தேங்காய்ச் சில் மாதிரி வெளுத்த பல். கல்யாணம் முடிந்து வந்த புதிதில் எங்கள் சொந்தக்காரப் பெண்கள் அவளை ஒருமுறை சிரிக்கச் சொல்லிப் பார்ப்பதற்காகவே வீட்டுக்கு வந்து போனார்கள். எங்கள் ஊர் வைத்திய சாத்திரம் மிகவும் சுலபமானது. பல்லில் காவி இருந்தால் தண்ணீர் பிடித்துவிட்டது என்று அர்த்தம், பல் வெள்ளையாக இருந்தால் பிடிக்கவில்லை. காவிப் பல்லுக்காரர்கள் எல்லோரும் அந்த மாதம் ஆளுக்கொரு கேனோடு அலைந்தோம். வெள்ளைப் பல்லுக்கு நோயில்லை என்றிருந்தோம்.

மதினிக்குப் பயிற்சியில் மூன்று சோதனைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். தாடையை நெஞ்சில் ஒட்ட வேண்டும். இரண்டு கைகளையும் தூக்கிப் பிடரியில் கோக்க வேண்டும். மூன்றும் முடிந்தால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு மாதிரி நம்பலாம். முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று நான் இதைச் செய்தேன். மகள் செல்போனில் படம் எடுத்தாள்.

குனிந்தேன். கை முழங்காலைத் தாண்டி இரண்டு விரற்கடை போய் நின்றுவிட்டது. எனக்குக் கண் இருட்டியது.

“முடிஞ்சது. மூங்கிலாயிட்டேன். உங்க அம்மையக் கூப்பிடு.”

“யப்பா, இது ஃபுளோரைடு இல்ல, எண்ணெய்ப் புரோட்டா. தொந்திதான் தடுக்குது” என்றாள் மகள்.

தாடையை நெஞ்சில் ஒட்டினேன், ஒட்டியது. கையைப் பிடரியில் கோத்தேன், வந்தது. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் சோதனையில் ஃபெயில், மொத்தத்தில் ஃபெயில் என்று புலம்பினேன். மனைவி துவைத்த துணியை உதறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். “மருந்துக்குள்ளேயே பொளங்குற மனுசன் குனியத் தெரியாமத் தவிக்கிறதப் பாரு. வெலகுங்க” என்று துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து நின்றாள். மகளுக்கு ஒரே குஷி. அம்மாவுக்கு நேராகப் போனைத் திருப்பினாள்.

அவள் குனிந்தாள். எனக்கு நின்ற இடத்துக்கு மேலேயே அவள் கை நின்றது. “சேலை இழுக்குது” என்று சிரித்தாள். தாடையை இறக்கினாள். கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த கதவு மாதிரி. அவள் மேலும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர தலை இறங்கவில்லை. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே என் கை தாராளமாக நுழைந்திருக்கும்.

மகள் போனை இறக்கிவிட்டாள்.

“சுளுக்குடி. தலகாணி சரியில்ல” என்றாள் அவள்.

“அம்மா, கையத் தூக்கு.”

கை தோள் உயரம் வரை வந்தது. கொடியில் சேலையை அவள் எறிந்து எறிந்து போட்டது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. அது அவளுடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். அப்படி ஒரு இடத்தில் நான் எதுவும் சொல்லாமல் இருந்ததே இல்லை. தொந்தியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கம்பெனியில் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மருந்து ரூமில் வேலை பார்க்கிற பெண்கள் சாயங்காலம் கையைக் கழுவி முடித்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம் தின்று, அதன் மேல் செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பார்கள். அலுமினியப் பொடி முழங்கை வரை ஏறிப் பளபளவென்று மின்னும். மேலே இருப்பதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், உள்ளே போனதை எப்படிக் கழுவுவது? அதற்குத்தான் தண்ணீர். வயிறு முட்டக் குடித்தால் மருந்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் மற்றவர்கள் சுற்றி நின்று குடிக்க வைப்பார்கள். “குடிடி, குடி. கெடக்கிற பொடியெல்லாம் எறங்கட்டும்” என்று. மதியத்தில் ஒரு செம்பு, வெயில் காலத்தில் நடுவில் இன்னும் ஒன்று. தண்ணீர் கம்பெனியின் போர்வெல்லில் இருந்து வருவது. எங்கள் ஊரிலாவது சில நாள் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும், அது வராத நாளில் அதே குழாயில் போர் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கம்பெனியில் எல்லா நாளும் போர்தான். ஆபீசுக்கு மட்டும் கேன்.

என் மனைவி எதையும் முறையாகச் செய்கிறவள். ஒருநாள்கூடச் செம்பை மிச்சம் வைத்ததில்லை. நானோ அந்தத் தண்ணீரின் கசப்புப் பிடிக்காமல், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்கடையில் கலர் சோடா குடித்தே காலத்தை ஓட்டியவன். அதற்காக அவளிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். சோம்பேறிக்கு முதுகு வளைகிறது, கவனமாக இருந்தவளுக்கு வளையவில்லை. இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று பல நாள் தேடிப் பார்த்தேன்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். படித்தவன்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, எனக்கே தெரிந்தது. எலும்பு எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளி பல இடத்தில் காணோம்.

“யாரோ கொத்தனார் சிமெண்டு பூசிட்டுப் போயிட்டாரு போல டாக்டரம்மா” என்றேன். வாய் சும்மா இருக்காது என்று சொன்னேனே.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார். பிறகு அவளிடம், எந்த ஊர், எந்தத் தண்ணீர், ஒருநாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். அவள் செம்புக் கணக்கைச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சேர்ந்தது சேர்ந்ததுதாம்மா. அதை எடுக்க மருந்து இல்லை. இனிமே சேராமப் பாத்துக்கலாம். தண்ணிய மாத்துங்க. பால், கீரை சேத்துக்கோங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். கொஞ்சம் பயிற்சி சொல்லித் தருவாங்க.”

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “டாக்டர், தரையில உக்காந்து வேலை பாக்கலாமா?”

“உக்காந்தா எழுந்திரிக்க முடியுதா?”

“எந்திரிச்சிருவேன்.”

“எவ்வளவு நேரம் ஆகுது?”

டாக்டர் வலிக்காகத்தான் அதைக் கேட்டார். எனக்கும் அவளுக்கும் அந்தக் கேள்வி வேறு மாதிரிக் கேட்டது. மருந்து ரூமுக்கு எதிரெதிரே வாசல் வைத்திருப்பது காற்றுக்காக இல்லை. வேலைக்குச் சேர்கிற அன்றே சொல்லிக்கொடுப்பது, சத்தம் கேட்டால் எதையும் எடுக்காதே, யாரையும் பார்க்காதே, எழுந்து ஓடு என்பதுதான். அங்கே ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் எழுந்திருக்க வேண்டும்.

வேலையை விடச் சொன்னேன். “தீபாவளி ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. சீசன்ல விட்டுட்டு வந்தா அடுத்த வருசம் ரூமுக்குள்ள எவ சேப்பா? தீபாவளி முடியட்டும்” என்றாள். வெடியில் விரல் போன எட்டு விரல்காரிகள் வேலை பார்க்கிற இடத்தில் பத்து விரலும் பத்து இயந்திரம் மாதிரி ஓடுகிறவள் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரை அவள் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். தரையில்தானே உட்காரக் கூடாது? ஸ்டூலில் உட்காரலாம். ஆனால் மருந்து ரூமில் இரும்பு ஆகாது, உரசினால் பொறி வரும். பிளாஸ்டிக்கும் ஆகாது, தேய்த்தால் அதில் கரண்டு ஏறிக்கொள்ளும். ஆகவே ஆசாரியிடம் சொல்லி, ஒரு ஆணிகூட இல்லாமல், மர முளை மட்டும் அடித்துக் குட்டையாக ஒரு ஸ்டூல் செய்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தபோது செட்டே கைதட்டியது. “அண்ணே, சிம்மாசனம் யாருக்கு?” என்றார்கள். “மகாராணிக்குத்தான்” என்றேன்.

போர்மேன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆணியைத் தேடினார். இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து வராமல் போயிற்று.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீக அண்ணே. ஆனா அக்கா உக்கார்றதப் பத்தியா எனக்குக் கவலை? எந்திரிக்கிறதுக்கு என்ன செஞ்சு கொண்டாந்திருக்கீக?”

அவர் ஸ்டூலைக் கீழே வைத்தார்.

“அதோட, இது வழியில கெடந்தா மத்தவுக தடுக்கி விழுவாக. ரூமுக்குள்ள குறுக்க ஒரு துரும்பு இருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஸ்டூல் கேட்டில் இருக்கிற வாட்ச்மேனுக்குப் போயிற்று. என் மனைவி தரையிலேயே உட்கார்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து ரூமில் வாசலை ஒட்டிய இடத்தை அவளுக்கு விட்டுவிட்டார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் அவள் போனபோது மற்ற மூவரும் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தார்களாம்.

தண்ணீர் விஷயத்தை நான் மற்ற பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் குழாயடியில் வரிசையாகச் செம்போடு நின்றவர்களிடம் போய், “ஏத்தா, இதக் குடிக்காதீக. பொடியக் கழுவுறம்னு எலும்ப ஒட்ட வைக்கிறீக” என்றேன். ஒருத்தி செம்பை வாயில் வைத்தபடியே புரையேறிச் சிரித்தாள்.

“போன சீசன்ல பேக்கிங் செட்டுக்குள்ள அமுக்குவான் பேய் இருக்குன்னு சொன்னீக. அதுக்கு முன்னாடி கம்பெனிய சீனாக்காரன் வெலைக்கு வாங்கிட்டான்னு சொன்னீக. இப்பத் தண்ணியா அண்ணே?”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“பேயையும் நெசம்னுதான் சொன்னீக.”

ஆயுள் முழுக்க விளையாட்டாகப் பேசிவிட்டு, ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொல்லப் போனால் இதுதான் நடக்கும். என் மனைவியைக் காட்டிச் சொன்னேன். “அக்காவுக்கு என்ன? பல்லப் பாருங்க, எப்படி இருக்குன்னு. அது வாயுப் பிடிப்பு” என்றார்கள். எங்கள் வைத்திய சாத்திரம் அங்கேயும் பரவியிருந்தது. மேனேஜரிடம் செட்டுக்கும் கேன் போடச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

பிறகு அந்த மதியம் வந்தது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் மறுபடி வேலையில் உட்கார்ந்த நேரம். டொம் என்று ஒரு சத்தம். தரை அதிர்ந்ததாக எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான், கையில் இருந்த அட்டைப்பெட்டி எங்கே போனது என்று தெரியாது. நான் ஓடினேன். செருப்பில்லாத காலில் கருவேல முள் ஏறியது பிறகுதான் தெரிந்தது. மருந்து ரூம்களைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். தாண்டினேன். மூங்கிலாகிவிட்டது என்று நான் துக்கம் கொண்டாடிய முதுகும், சத்தம் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்த்த முழங்கால்களும் அன்று ஓடிய ஓட்டத்தை நான் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. இளவட்டங்கள் இரண்டு பேரை முந்தியிருக்கிறேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு மனைவி என்று ஒருத்தி இருப்பது நினைவுக்கு வந்தது.

புகை இல்லை. தீ இல்லை. லோடு ஏற்ற வந்து ரோட்டோரம் நின்ற லாரிக்குப் பக்கத்தில் டிரைவர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். “டயருங்க! டயருதான் வெடிச்சிச்சு! ஒண்ணுமில்ல, டயரு!”

மொத்தக் கம்பெனியும் மரத்தடியில் நின்று சிரித்தது. உயிர் திரும்பி வருகிற சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய வருவது. ஒருத்தி டிரைவரைக் கெட்ட வார்த்தையில் வாழ்த்தினாள். நான் மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் ரூமைச் சேர்ந்தவர்களில் இருவர் இருந்தார்கள். இருவர் இல்லை.

அவள் வந்தாள். ரூம் வாசலில் இருந்து கேட் வரை, தலை குனியாமல், அங்கும் இங்கும் பார்க்காமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தாள். அவள் கைக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு இன்னொரு பெண். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், வீட்டில் இரண்டு கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

நடந்தது என்ன என்று அந்தப் பெண்தான் மூச்சிரைக்கச் சொன்னாள். சத்தம் கேட்டதும் மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். என் மனைவி கையைத் தரையில் ஊன்றி எழப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. வாசலுக்குப் பக்கத்து இடம்தான், நாலு அடிதான். ஆனால் அந்த நாலு அடிக்கு முதலில் நிற்க வேண்டுமே. இந்தப் பெண் வாசலைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்து, உள்ளே வந்து அவளைத் தூக்க முயன்றிருக்கிறாள்.

“ஓட வேண்டியதுதானடி?” என்று என் மனைவி அவளைப் பார்த்துக் கத்தினாள். அவள் யாரையும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “வெளிய போனவ எதுக்குடி உள்ள வந்த?”

“உங்கள விட்டுட்டு எப்படிக்கா?”

“எப்படின்னா? எல்லாரும் போகல? அப்படித்தான். ஒம் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நான் இருந்தாத்தான பதில் சொல்ல!”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். என் மனைவி அவள் தோளில் இருந்து தன் கையை எடுத்துவிட்டு, போர்மேன் நின்ற இடத்துக்கு நடந்தாள். அந்தப் பத்திருபது அடி தூரத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் எங்கள் எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டது.

“தம்பி, நாளையிலருந்து நான் வரல. என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருங்க.”

“தீபாவளி வரைக்கும்னு சொன்னீகளே அக்கா?” என்றார் போர்மேன். கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டதுதான்.

“நான் எந்திரிக்காமப் போனா என்னோட போகும்னு நெனச்சேன். இவளும் உள்ள வருவான்னு நெனைக்கல.”

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு மிச்ச வேலையைச் செய்யாமல் வாட்ச்மேன் அறை நிழலில், நான் செய்து கொண்டுவந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். வாட்ச்மேனிடம் மணி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். சாயங்காலம் வழக்கம்போலக் குழாயடியில் கூட்டம் நின்றது. ஒன்றிரண்டு பேர் செம்பை நிரப்பி, குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் அப்படி. பிறகு குடித்தார்கள். வேறு தண்ணீர் அங்கே ஏது?

வேனில் பின்பக்கம் ஏற அவளுக்குப் படி எட்டாது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிட்டோம். நான் பின்னால் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் வேனுக்குள் என் ராஜ்ஜியம்தான். மேனேஜர் நடக்கிற மாதிரி நடித்துக் காட்டுவேன், மதினி பேசுகிற மாதிரிப் பேசுவேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. காலில் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நான் அவள் ரூமைத் தாண்டி ஓடியதை அவள் பார்த்திருப்பாளா என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கதவு திறந்துதான் இருந்தது. வாசலை ஒட்டித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பார்க்காமல் இருக்க வழியில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் நின்றது. அந்த அமைதியில் முன் இருக்கையில் இருந்து அவள் குரல் வந்தது.

“ஏங்க.”

“ம்.”

“உங்க முளங்காலுக்கு ஒண்ணுமில்ல. இன்னைக்குத்தான் பாத்தேன். எம்புட்டு நல்லா ஓடுறீக! இனிமே அதுக்குக் காது வச்சுக் கேக்க வேண்டாம்.”

வேன் வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டு வந்த அந்தப் பெண்கூட முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் என் காவிப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. எதிரே மூடிக் கிடந்த கேட்டைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளுடைய கழுத்து விடாது.